ரெண்டு காட்டினா மூணு

இந்தத் தூக்குவாளியை மட்டும் உள்ள குடுத்துருங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஆம்பளைங்க வார்டு, சன்னலோரக் கட்டில். டெரன்ஸ்னு கேட்டா யாரும் காட்டுவாவ. இட்லியும் சாளைமீன் கொழம்பும்தான் இருக்கு. உங்க வீட்டுக்காரரும் அந்த வார்டுலதான கெடக்காரு? இடுப்பெலும்பு ஒடஞ்சவரு. நேத்து நீங்க நர்ஸம்மாகிட்ட சண்டை போட்டதப் பாத்தேன். நியாயமான சண்டைதான்.

கதவு தொறக்க இன்னும் நேரம் கெடக்கு. உக்காருங்க. வாளியை மடியில வச்சுக்கிடுங்க, கீழ வச்சா எறும்பு ஏறிரும்.

நீயே குடுக்கலாமேன்னு நினைக்கிய. நினைக்கத்தான் செய்விய. நான் உள்ள போறதில்லக்கா. தினமும் வாறேன், இந்த பெஞ்சு வரைக்கும் வாறேன், ஆள் பாத்துக் குடுத்தனுப்புதேன், வெறும் வாளியோட திரும்பிப் போறேன். வீட்டுல என் பொண்டாட்டி மெட்டில்டா, "தம்பி எப்படி இருக்கான்"னு கேப்பா. "இருக்கான்"னு சொல்லுவேன். பாக்காமலே சொல்லுவேன்.

அவ கூடப்பொறந்த தம்பிதான் அவன். எனக்கு மச்சினன். இப்ப அவனுக்கு இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே கிடையாது. இன்னைக்கு வீட்டுக்கு விடுதாவ. எந்த வீட்டுக்குங்கிறதுதான் பிரச்சினை. எங்க மாமியா தனியா இருக்கா, பாவம், ஒரு குடம் தண்ணி தூக்க மாட்டா. மெட்டில்டா, "நம்ம வீட்டுக்குத்தான் வரணும், ஹால்ல கட்டில் போட்டாச்சு"ங்கா. நான் வேண்டாம்னு சொல்ல வந்திருக்கேன். ஆமாக்கா. அத அவன் மூஞ்சிக்கு நேர சொல்லணும்ல, அதனால இன்னைக்கு உள்ள போயே ஆகணும். காலுதான் வர மாட்டேங்குது.

ஏன்னு கேட்டியன்னா வெட்கம். வேற ஒண்ணும் இல்ல. செலவுக்குப் பயந்து சொல்லல, சத்தியமா. ஹால்ல கட்டில் போட்டா தெருவே வந்து பாக்கும். பாத்துட்டு வாசலைத் தாண்டினதும் சிரிக்கும். கடலுக்கடியில பயந்து ஓடினவன்னு அவனுக்குப் பேராயிப் போச்சு. அந்தப் பேரை ஊர்ல சொன்னது நாந்தான். ஆனா பொய் சொல்லல பாத்துக்கிடுங்க. நடந்ததைச் சொன்னேன். அவனும் ஆமான்னுதான் சொன்னான்.

நீங்க கோவில்பட்டிப் பக்கம்னு சொன்னிய. கடல் தெரியாது உங்களுக்கு. நான் வெவரமாச் சொல்லுதேன், கேட்டுட்டு யாரு மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

நாங்க சங்கு குளிக்கிற ஆளுங்க. கரைக்கிட்ட இருந்த பாரெல்லாம் அள்ளி முடிஞ்சாச்சு. பார்னா கடலுக்கடியில சங்கு கெடக்குற தரை. இப்ப நல்ல சங்கு வேணும்னா ஆழத்துக்குப் போகணும், இருபத்தஞ்சு பாகம். ஒரு ஆள் ரெண்டு கையையும் விரிச்சு நின்னா அது ஒரு பாகம். உங்க ஊர்க் கெணறு ரெண்டு மூணை ஒண்ணுக்கு மேல ஒண்ணா வச்சுப் பாருங்க, அவ்வளவு ஆழம். முதுகுல சிலிண்டரக் கட்டிக்கிட்டு இறங்குவோம்.

சிலிண்டர்ல ஆக்சிஜன் இருக்குன்னு எல்லாரும் சொல்லுதாவ. அதெல்லாம் இல்ல. நீங்களும் நானும் இப்ப இழுக்கிறோமே, இதே காத்துதான். இதே காத்து ஆழத்துல போதை ஏத்தும்னா நம்புவியளா? நைட்ரஜன்னு ஒண்ணு இதுல இருக்காம். மேல இருக்கும்போது அது சாது, இருக்கிற எடம் தெரியாது. கீழ போகப் போக பிராந்தி குடிச்ச கணக்குத்தான். நாங்க அதக் கிறக்கம்னு சொல்லுவோம்.

மொதத் தடவை எனக்குக் கிறக்கம் ஏறினப்ப என்ன பண்ணினேன் தெரியுமா? பையில இருந்த சங்கையெல்லாம் எடுத்து மணல்ல அடுக்கி, பெருசு ஒரு பக்கம், சிறுசு ஒரு பக்கம்னு கடை போட்டு உக்காந்துட்டேன். ஒரு களவா மீன் வந்து நின்னுச்சு. அதுகிட்ட பேரம் பேசுதேன். படிய மாட்டேங்குது. எனக்குக் கோவமான கோவம். டெரன்ஸ்தான் வந்து என் கக்கத்துல கையக் குடுத்து மேல இழுத்துட்டுப் போனான். பாதி தூரம் வந்ததும் சட்டுனு தெளிஞ்சிருச்சு. அதான் கிறக்கத்தோட கொணம். மேல வந்தா போயிரும், தலைவலி கூட மிச்சம் இருக்காது. அதனாலயே எவனும் அதுக்குப் பயப்பட மாட்டான். நாங்களும் வள்ளத்துல ஏறி அந்த மீன் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம்.

அப்புறம் நான் பழகினேன். குடிக்கிறவன் எப்படிப் பழகுதான்? மொத நாள் வாந்தி எடுப்பான், ஒரு மாசத்துல அரைப் பாட்டில் குடிச்சிட்டு நேர் கோட்டுல நடப்பான். அதே மாதிரிதான். தினமும் இறங்கணும், கொஞ்சம் கொஞ்சமா ஆழத்தைக் கூட்டணும். டெரன்ஸையும் கூட இழுத்துக்கிட்டுப் போனேன். ஒரு நாள் இருபத்தஞ்சு பாகத்துல நின்னு பாக்கேன், தலை கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கு. கிறக்கமே இல்ல. எங்க சம்மாட்டி, அதான் வள்ளத்து மொதலாளி, மத்த வள்ளத்துக்காரங்ககிட்ட என்னக் காட்டிச் சொல்லுவாரு, "இவன் கிறக்கம் ஏறாத ஆள் ஓய்"னு. எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்துச்சு. கொஞ்சம் என்ன, நெறையவே இருந்துச்சு. சட்டைக் காலரத் தூக்கிவிட்டுக்கிட்டு நடந்தேன்னு மெட்டில்டா இப்பவும் சொல்லிக் காட்டுவா.

சும்மா வாயால சொல்லிக்கிட்டு அலையல. சோதனை இருக்கு. சம்மாட்டி சொல்லிக் குடுத்தது. கீழ நிக்கும்போது ஒருத்தன் இன்னொருத்தன் முகத்துக்கு நேர விரல் காட்டணும். மத்தவன் அதோட ஒண்ணு கூட்டிக் காட்டணும். ரெண்டு காட்டினா மூணு. மூணு காட்டினா நாலு. தப்பாக் காட்டினாலோ முழிச்சாலோ கிறக்கம் ஏறியிருக்குன்னு அர்த்தம், உடனே மேல வந்துரணும். ரொம்பச் சுலபம். ஆனா கிறக்கத்துல இருக்கிறவனுக்கு அது வராது. ரெண்டைப் பாத்துட்டு ரெண்டையே காட்டுவான், இல்லன்னா கும்பிடு போடுவான்.

நானும் அவனும் அதை விளையாட்டாவே ஆக்கிட்டோம். சோத்துக்கு முன்னால உக்காந்திருக்கும்போது அவன் மூணு காட்டுவான், நான் பெசஞ்ச கையால நாலு காட்டுவேன். கல்யாண வீட்டுல காட்டுவான். கோயில்ல சாமியார் பிரசங்கம் வைக்கும்போது தூணுக்கு அந்தப் பக்கம் இருந்து காட்டுவான். ஒரு நாளும் நான் தப்பினதில்ல. ஒரு தடவை நான் பாய்ல கெடந்து கண்ணு சொக்கிக்கிட்டு இருக்கேன், மெட்டில்டா வேணும்னே நாலு விரலக் காட்டியிருக்கா. நான் அஞ்சு காட்டிட்டுத் திரும்பிப் படுத்துட்டேனாம். காலையில சொல்லிச் சொல்லிச் சிரிக்கா. எனக்கு அது ஞாபகமே இல்ல. அந்த அளவுக்குப் பழக்கம். ஞாபகமே இல்லாமக் கூட சரியாக் காட்டியிருக்கேன் பாருங்க!

இன்னொரு விரலும் இருக்கு, அதயும் சொல்லிருதேன். சிலிண்டர்ல காத்து எவ்வளவு மிச்சம்னு காட்டுறதுக்கு ஹோஸ் முனையில ஒரு மீட்டர் தொங்கும். அதக் கையில பிடிச்சுக்கிட்டு விரல் காட்டினா அது காத்துக் கணக்கு. நெறஞ்ச சிலிண்டர்னா எரநூறு காட்டும். விரலுக்குப் பத்து. அஞ்சு விரல்னா அம்பது, கெளம்பலாம்னு அர்த்தம். அதுக்குக் கொறஞ்சு எவனும் காட்ட மாட்டான். மூணோ ரெண்டோ நான் பாத்ததே இல்ல. மீட்டரைத் தொடாமக் காட்டினா சோதனை, தொட்டுக் காட்டினா காத்து. இதுல கொழப்பமே வராது.

எங்களுக்கு இருந்த ஒரே தொந்தரவு ஞாயித்துக்கிழமை. எங்க ஊர்ல ஞாயித்துக்கிழமை தொழில் கெடையாது. எவனும் வள்ளத்தத் தள்ளக் கூடாது. தள்ளினா ஊர்க் கமிட்டி கூப்பிட்டு விசாரிக்கும், கோயில் மைக்குல பேரை வாசிப்பாவ. ஆனா ஒரு நாள் விட்டாலே திங்கக்கிழமை கிறக்கம் லேசா எட்டிப் பாக்கும். திருவிழாவுக்கு ஒரு வாரம் விட்டா முழுசா வந்து உக்காந்துக்கும், மறுபடி மொதல்ல இருந்து பழகணும். கஷ்டப்பட்டுச் சேத்த பழக்கம் ஓட்டைப் பானைத் தண்ணி மாதிரி ஒழுகிப் போகுதேன்னு எனக்கு ஆத்திரமா இருக்கும். அதனால ஞாயித்துக்கிழமையும் ஒரு தடவை போய் தொட்டுட்டு வந்துரலாம்னு முடிவு பண்ணினேன். சங்கு எடுக்கக் கூடாது, தொழில் பண்ணக் கூடாது. சும்மா இறங்கி, அந்த ஆழத்துல கொஞ்ச நேரம் இருந்து, ஏறிடணும். பழக்கம் விட்டுரக் கூடாதுல்ல. இது தொழில் இல்லையே. கமிட்டிக்காரங்களுக்கு இந்த நியாயம் இன்னும் வெளங்கல.

அன்னைக்கு டெரன்ஸுக்கு வர இஷ்டமில்ல. பூசைக்குச் சட்டை தேச்சு வச்சிருந்தான். காத்து அடிக்கிற கடையும் பூட்டிக் கெடந்துச்சு. சனிக்கிழமை மிச்சம் வச்ச சிலிண்டர் ரெண்டு கெடந்துச்சு, ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவனுக்கு. "அத்தான், இதுல கொஞ்சமாத்தான் இருக்கு"ன்னான். "நீ என்ன குடித்தனமா நடத்தப் போற அங்க? தொட்டுட்டு வந்துருவோம்ல"ன்னேன். எதித்துப் பேசத் தெரியாது அவனுக்கு. வந்தான்.

இறங்கினோம். நல்ல தெளிவான தண்ணி. அடியில நின்னோம். எனக்கு ஒண்ணும் இல்ல, தலை சுத்தமா இருக்கு. மனசு அவ்வளவு லேசா இருந்துச்சு, மேல ஏறவே தோணல. அவன் என் முன்னால வந்தான். விரல் காட்டினான். ரெண்டு.

நான் மூணு காட்டினேன்.

பட்டுனு காட்டினேன்கா. யோசிக்கவே இல்ல. அவன் இல்லன்னு தலையை ஆட்டுதான். மறுபடியும் ரெண்டு காட்டினான். மறுபடியும் மூணு காட்டினேன். இன்னும் கிட்ட வந்து, என் கண்ணாடியில மூக்கு இடிக்கிற மாதிரி நின்னு, மறுபடியும் ரெண்டு. எனக்குக் கோவம் வந்துருச்சு. என்னல இது, எத்தனை தடவை சோதிப்பே, என்னையா சந்தேகப்படுதன்னு. மூணு விரலையும் அவன் கண்ணுக்கு நேர வச்சு ஆட்டிக் காட்டினேன். அவன் என் நெஞ்சுப் பக்கம் கையக் கொண்டுவந்தான். தட்டிவிட்டேன். அவ்வளவுதான், காலை உதைச்சுக்கிட்டு ஒரேயடியா மேல போயிட்டான். ராக்கெட்டு மாதிரி.

அப்படிப் போகக் கூடாதுக்கா. நின்னு நின்னு போகணும். சோடா பாட்டில மெதுவாத் தொறந்தா ஒண்ணும் இல்ல, படக்குனு தொறந்தா பொங்கும்ல? ரத்தத்துல அதுதான் நடக்கும். சின்னப் பயலுக்குக் கூடத் தெரியும் இது. இவன் ஓடுதான்! நான் நின்னு நின்னு நெதானமா வந்தேன். வந்து பாக்கேன், நங்கூரக் கயித்தப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குதான். "அத்தான், என் காலு எங்க? காலைக் காணல அத்தான்"ங்கான். எனக்கு வந்த ஆத்திரத்துல ஓங்கி ஒரு அறை விட்டேன். தண்ணியில வச்சே. பழக்கிப் பழக்கிக் கொண்டுவந்தேனே, இப்படிப் பயந்து ஓடி வந்துட்டானேன்னு.

ஞாயித்துக்கிழமை பாருங்க, கடல்ல ஒரு வள்ளம் கெடையாது, கூப்பிட்டா கேக்க நாதி இல்ல. கரைக்குக் கொண்டுவந்து, ஆம்புலன்ஸ் பிடிச்சு, அதுக்குன்னு காத்தடைச்சு வைக்கிற இரும்பு ரூம் ஒண்ணு வெளியூர்ல இருக்காம், அங்க கொண்டு சேக்குறதுக்குள்ள பொழுது போயிருச்சு. நேரம் கடந்து வந்திருக்கியன்னு சொல்லிட்டாவ.

ஊர்ல கேட்டாவ. அவனுக்குக் கிறக்கம் ஏறிப்போச்சு, சும்மா சும்மா என்னைச் சோதிச்சான், அப்புறம் பயந்து ஓடிட்டான்னு சொன்னேன். கமிட்டியில இருந்து ஆள் வந்து அவன்கிட்டயும் கேட்டாவ. "ஆமா, அத்தான் சொல்லுறதுதான்"னு சொல்லியிருக்கான். அதோட எல்லாரும் என்னைத் தட்டிக்குடுத்தாவ. மச்சினன் பயந்து ஓடினாலும் இவன் பதறாம நெதானமா ஏறி வந்தான் பாரு, அதுல்லா ஆம்பளைன்னு. எனக்கு உடம்பு கூசிப்போச்சு. நம்ம வீட்டுப் பய இப்படிப் பேரெடுத்துட்டானேன்னு.

இங்க ஒரு டாக்டரம்மா இருக்காவ, கண்ணாடி போட்டவிய. அவிய ஒரு நாள் இந்த பெஞ்சுக்கே வந்து என்கிட்ட பேசினாவ. நீங்க ரொம்ப நாளா ஆழத்துல இறங்குறவராமே, உங்களுக்குக் கிறக்கம் வராதாமேன்னு. வராது, பழகிட்டேன்னேன். "கிறக்கம் உங்களுக்குப் பழகல. கிறக்கம் வந்திருக்குன்னு தெரியுறது மட்டும்தான் கொறஞ்சு போயிருக்கு. மூளை மந்தமாகுறது மந்தமாகிக்கிட்டேதான் இருக்கும்"னாவ. குடிச்சவன் தள்ளாடாம நடக்கான்னு பஸ் ஓட்டக் குடுப்பியளான்னு என்னையே கேக்காவ. தெரியாததுனால இன்னும் ஆழத்துக்குப் போறிய, இன்னும் நேரம் இருக்கிய, அதனால ரத்தத்துல குமிழி வர்றதும் கூடும், எதாவது ஒண்ணு ஆனா கை வராது, புத்தி வராதுன்னாவ. நான் தலையை ஆட்டிக்கிட்டேன். இவிய முட்டளவு கடத்தண்ணில நின்னிருப்பாவளா? தோள்பட்டை வலிக்கான்னும் கேட்டாவ. வலிக்குது, ஆனா அது நான் படுக்கிற வாகு சரியில்லாம. அடிக்கடி சாமானக் கீழ போடுதியளான்னு கேட்டாவ. போன வாரம் ரெண்டு டம்ளர் ஒடச்சேன். டம்ளர் யாருதான் ஒடைக்கல?

ஒரே ஒரு விசயம்தான் எனக்கு உறுத்துது. அவன் சிலிண்டரு. காத்தடிக்கிற கடைக்கு நேத்து எடுத்துட்டுப் போனேன். கடைக்காரரு திருகைத் தொறந்து பாத்துட்டு, "என்னய்யா, உஸ்ஸுன்னு கூட சத்தம் வரல, தொடச்சு வச்ச மாதிரி இருக்கு"ன்னாரு. கரைக்கு வந்தப்புறம் எவனாவது தொறந்துவிட்டிருப்பான். கூட்டத்துல ஆளாளுக்குக் கை வச்சாவல்ல. அப்படித்தான் இருக்கும்.

இருங்க, நீங்க முழுசா நம்பலன்னு உங்க முகத்துலயே தெரியுது. இப்ப நீங்க டெரன்ஸ். ஒரு விரலு காட்டுங்க. ம். பாத்தியளா, ரெண்டு. மூணு காட்டுங்க. பாத்தியளா. நான் உங்க வீட்டுக்காரரு இட்லி தின்னாரான்னு யோசிச்சுக்கிட்டே காட்டினேன், தப்பல. அன்னைக்கும் இதேதான். அன்னைக்கும் நான் தப்பல.

என்ன கேட்டிய? அவன் ரெண்டு கையாலயுமா காட்டினான்னா?

இல்ல, ஒரு கையாலதான் காட்டினான். உங்களுக்கு ஒரு கையில வாளி இருக்கு, அதனால மத்த கையால காட்டினிய. அவனுக்கு இன்னொரு கை என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சுன்னா... இன்னொரு கையில மீட்டரைப் பிடிச்சிருந்தான்.

மீட்டரைப் பிடிச்சிருந்தான்.

இருங்கக்கா. ஒரு நிமிசம் இருங்க.

என் முகத்துக்கு நேர பிடிச்சிருந்தான். நான் பாத்தேன். பாத்தேன்கா! அதுல முள்ளு பச்சையா மினுங்கும். அது மினுங்குறதப் பாத்துட்டு அழகா இருக்கேன்னு நினைச்சேன். அத நினைச்சது இப்பத்தான் ஞாபகம் வருது. அழகா இருக்கேன்னு நினைச்சிட்டு மூணு விரலக் காட்டினேன்.

ரெண்டுன்னா இருபது. அந்த ஆழத்துல இருபதுன்னா நாலு மூச்சு. "அத்தான், காத்து இல்ல"ங்கான். மூணு தடவை சொல்லுதான். நான் பாஸாயிட்டேன்னு காட்டுதேன். என் சிலிண்டர்ல காத்து இருந்துச்சு. நெஞ்சுல ரெண்டாவது வாய்க்குழா ஒண்ணு தொங்கும், கூட வாறவனுக்குக் குடுக்கிறதுக்குன்னே உள்ளது. அதுக்குத்தான் கைய நீட்டியிருக்கான். அதத்தான் தட்டிவிட்டிருக்கேன்.

அவனை அறைஞ்சேன்கா. காலைக் காணலன்னு சொன்னவனை அறைஞ்சேன்.

கதவு தொறந்துட்டாவ. இல்ல, நீங்க போங்க, உங்க ஆளு காத்திருப்பாரு. வாளியைக் குடுங்க. குடுங்கக்கா. நான் கொண்டு போறேன்.

*

உங்க ஆளப் பாக்கக் கூடப் போகாம இங்கதான் இருக்கியளா இன்னும். நல்லதாப் போச்சு. நீங்க போயிருப்பியன்னு நினைச்சேன். 

சாப்பிட்டான். அவனே எடுத்துச் சாப்பிட்டான், கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. எளைச்சுப் போயிருக்கான். காலு ரெண்டும் போர்வைக்கடியில இருக்கா இல்லையான்னே தெரியல, அப்படிச் சூம்பிப் போச்சு. நான் வாறதப் பாத்ததும் எந்திரிக்கப் பாத்தான்கா. அத்தான் வாறாருன்னு எந்திரிக்கப் பாத்தான். ஒருத்தன் எனக்கு மரியாதை குடுத்து இவ்வளவு கேவலமா நான் உணர்ந்ததில்ல.

டம்ளர்ல தண்ணி ஊத்தி அவன் பக்கத்துல வச்சேன். அப்புறம் கேட்டுட்டேன். "டெரன்ஸ், அன்னைக்கு நீ மீட்டரைத்தான காட்டின?" வாயில இருந்ததை முழுங்கிட்டு, "கொழம்பு அக்கா வச்சதா?"ங்கான். "கேக்கேன்ல"ன்னேன். சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான். "விடுங்கத்தான். ஊருக்குத் தெரிஞ்சா உங்கள எந்த வள்ளத்துல ஏத்துவாவ? அக்காவுக்கும் எனக்கும் வேற யாரு இருக்கா?"ன்னான். இத்தனை நாளும் தெருவுல சிரிக்கிறது அவன் காதுக்கும் வந்திருக்கு. பாக்க வந்தவன்லாம் சொல்லியிருக்கான். நான் வெளிய பெஞ்சுல உக்காந்துக்கிட்டு உள்ள வர மாட்டேங்குறேங்கிறதும் தெரிஞ்சிருக்கு. "பயந்துதான் ஓடினேன், அது பொய் இல்லத்தான். காத்து இல்லன்னா யாருதான் பயப்படாம இருப்பா"ங்கான். என்னச் சமாதானப்படுத்துதான்! நான் அவன் கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். தலை நிமிர முடியல. பக்கத்துக் கட்டில்காரரு, உங்க வீட்டுக்காரருதான், எங்களப் பாக்காத மாதிரி சுவத்தப் பாத்துக்கிட்டு இருந்தாரு. நல்ல மனுசன்.

எங்க வீட்டுக்குத்தான் வாறான். நான் என்ன சொல்ல வந்தேங்கிறத அவன்கிட்ட சொல்லல. சொல்லாததுக்கும் வெட்கமா இருக்கு. கமிட்டிக்காரங்ககிட்ட போய் உள்ளதச் சொல்லணும். சொல்லுவேன்னு வாயில வருது, ஆனா அந்த மைக்குல என் பேரை வாசிக்கிறது இப்பவே காதுல கேக்குது. உங்ககிட்ட இவ்வளவு பேசினவன் அங்க போய் நின்னு என்ன பேசுவேனோ, எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல.

அப்புறம் அவன் ஒண்ணு கேட்டான். மெதுவாத்தான் கேட்டான். "இன்னும் இறங்குறியளாத்தான்?" இறங்குதேன்னேன். "அதே ஆழமா?" ஆமான்னேன். "கிறக்கம் இருக்கா?"

இல்லடான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. யாரு கேட்டாலும் அதத்தான சொல்லிட்டு இருந்தேன், சம்மாட்டிக்கு, கமிட்டிக்கு, அந்த டாக்டரம்மாவுக்கு. அவன் கண்ணப் பாத்தேன். சொல்ல முடியல. "தெரியலடா"ன்னேன். "இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியலடா."

கரண்ட்டு பிடிச்சா விடாதுல்ல, அந்த மாதிரி என் கையப் பிடிச்சான்கா. காலு போனதுக்கு அழாத பய, ஊரு சிரிச்சதுக்கு அழாத பய, வார்டே திரும்பிப் பாக்குற மாதிரி அழுதான். நான் இறங்கலன்னா அவனுக்கும் சோறு இல்லன்னு இப்பத்தான் சொல்லியிருக்கான். அத மறந்துட்டு, என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, "அப்ப இறங்காதிய அத்தான், இறங்காதிய"ங்கான்.